ரெண்டு கரைக்கும் நல்ல நேரம்

உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். ராதாபுரத்துலேருந்து திருநெல்வேலி போற வண்டியில உக்கார இடம் கிடைக்குததே பெரிசு. சன்னல் மூடாது, சொல்லிட்டேன். காத்து மூஞ்சில அறையும். இந்தக் காத்தைத்தான் நாங்க ஆப்பிரிக்காவுக்கு அனுப்புனோம். சிரிக்காதீய, நிசமாத்தான் சொல்லுதேன். அன்னா சுத்துது பாருங்க காத்தாடி, அதுல வார கரண்டு கடலுக்கு அடியில நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கேபிள்ல போயி, அந்தக் கரையில ஒரு நாட்டுல பல்பு எரியணும். அதுதான் திட்டம். பேப்பர்ல படிச்சிருப்பீய. கண்டத்தையும் கண்டத்தையும் கரண்டால கட்டுதோம்னு கொட்டை எழுத்துல போட்டாவ.

கட்டுனது யாரு? நான்தான். பேரு சிவனணைஞ்சபெருமாள், செயற்பொறியாளர். முப்பத்திநாலு வருச சர்வீஸ், ஒரு மெமோ கிடையாது. இந்த மாசம் முப்பதாம் தேதி ரிடையர்மெண்ட். இன்னும் எட்டு நாள் இருக்கு. நம்ம கவர்மெண்ட் ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும்லா. ரிடையர் ஆகுத அன்னைக்குச் சாயங்காலம் ஒரு கையில மாலையைக் கொடுப்பாவ, மறு கையில சஸ்பென்ஷன் ஆர்டரைக் கொடுப்பாவ. சரியா அஞ்சே முக்காலுக்கு. அப்புறம் பென்ஷனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, சாகுத வரைக்கும் கோர்ட்டு வாசல்ல நிக்கணும். எனக்கு அதுதான் வரும்போல இருக்கு. எல்லாம் ஒரு சின்னப் பிள்ளையால. அவளைப் பாத்துட்டுத்தான் இப்பம் வாரேன்.

முதல்லேருந்து சொல்லுதேன். அப்பம்தான் என் பக்கத்து நியாயம் தெரியும்.

கடலுக்கு அடியில கேபிள் போடுததுதான் கஷ்டம்னு நெனைப்பீய. அது ஒண்ணுமே இல்ல. கப்பல்காரன் வந்தான், நூல்கண்டை உருட்டுத மாதிரி உருட்டிக்கிட்டே போயிட்டான். அவங்க கரண்டு வேற, நம்ம கரண்டு வேற, ரெண்டும் ஒரே மாதிரித் துடிக்காது, நேராக் கொண்டு போய்ச் சேத்தா எல்லாம் புகைஞ்சிரும். சரி, அதுக்குக் கரைக்கு ஒண்ணா ரெண்டு பெரிய மெஷின் வச்சாச்சு. அது ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு சமாதானம் பேசிரும். மனுசனுக்கு அப்படி மெஷின் இல்லையே! கமிட்டி மட்டும் பதினாலு. கல்வெட்டுல எந்த மொழி மேல, எந்த மொழி கீழன்னு ஏழு மாசம் சண்டை. வீடியோ மீட்டிங் வச்சா நாங்க இட்லியை முடிச்சிட்டு உக்காந்திருப்போம், அவங்க அப்பம்தான் பல்லு தேச்சிட்டு வருவாவ. நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால இருக்காவ. நமக்குப் பத்து மணின்னா அவங்களுக்கு ஏழரை. அத்தனை பெரிய பெரிய படிப்புப் படிச்சவன் எல்லாம் உக்காந்திருந்தான், அந்த ரெண்டரை மணி நேரத்தோட ஆபத்தைக் கவனிச்சது நான் ஒருத்தன்தான்.

என்ன ஆபத்தா? கேளுங்க. தொடக்க விழா புதன்கிழமை காலை பத்து மணின்னு அமைச்சர் ஆபீஸ்லேருந்து வந்துச்சு. காலண்டர்ல பாத்தா நல்ல நேரம்தான், பத்தே கால் வரைக்கும் இருக்கு. எல்லாரும் தலையை ஆட்டிட்டாவ. நான் வீட்டுல தினசரிக் காலண்டர் முன்னால நின்னு யோசிக்கேன். பத்து மணிக்கு இங்கேருந்து கரண்டு கிளம்புது. அங்க என்ன மணி? ஏழரை. புதன்கிழமை ஏழரைலேருந்து ஒன்பது வரைக்கும் என்ன? எமகண்டம்! நல்ல நேரத்துல கிளம்பி எமகண்டத்துல போய் இறங்குது. பொண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புதோம், நம்ம வீட்டைவிட்டு இறங்குத நேரத்தை மட்டுமா பாக்கோம்? அந்த வீட்டு வாசப்படி மிதிக்குத நேரத்தையும் பாப்போம்லா?

மீட்டிங்ல எந்திரிச்சுச் சொன்னேன். அந்தப் பக்கத்துக்கு ஆலோசகரா ஒரு வெள்ளைக்காரன் இருந்தான், எமகண்டம்னா என்னன்னு கேட்டான். சாவுக்குன்னு ஒரு கடவுள் இருக்காரு, அது அவரோட நேரம், அப்பம் எதைத் தொடங்குனாலும் உருப்படாதுன்னு இங்கிலீஷ்ல விளக்கினேன். எல்லாப் புதன்கிழமையுமான்னான். எல்லாப் புதனும்னேன். எத்தனை வருசமா இந்தப் பிரச்சினை இருக்குன்னான். ஆதி காலத்துலேருந்துன்னேன். இதுவரைக்கும் ஏன் சரி பண்ணலன்னு கேட்டான் பாருங்க! எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டான். மறு வாரம் வந்த அறிக்கையில ஆபத்துப் பட்டியல்னு ஒண்ணு, அதுல பதினேழாவது: புதன்தோறும் காலை ஏழரை முதல் ஒன்பது வரை இந்தியத் தரப்பில் நெடுநாள் கோளாறு, பெயர் எமகண்டம், பொறுப்பு அதிகாரி சிவனணைஞ்சபெருமாள். இன்னைக்கு வரைக்கும் அந்த நாட்டுக்காரன் புதன்கிழமை காலையில ஒரு ஸ்க்ரூவைத் திருக மாட்டான். என் பேரு அங்க அப்படி நிக்குது.

பொறவு ரெண்டு கரைக்கும் பொருந்துத நேரம் பாக்க மூணு மாசம் ஆச்சு. இந்தக் கரைக்கு ராகு காலம் தள்ளிப் போனா அந்தக் கரைக்கு எமகண்டம் வந்து முட்டுது. கடைசியில பிடிச்சேன் ஒரு வியாழக்கிழமையை. நமக்குப் பத்தே முக்கால்லேருந்து பதினொண்ணே முக்கால், அவங்களுக்கு எட்டே கால்லேருந்து ஒன்பதே கால். ரெண்டு பக்கமும் சுத்தம்! அமைச்சர் ஆபீஸ்ல எனக்குக் கை கொடுத்தாவ. பென்ஷன் வாங்கப் போற நேரத்துல இப்படி ஒரு கௌரவம் யாருக்குக் கிடைக்கும் சொல்லுங்க.

இப்பம் அந்தப் பிள்ளையைப் பத்திச் சொல்லணும். மெர்சிலின்னு பேரு. கண்ட்ரோல் ரூம்ல ஷிப்ட் இன்ஜினியர். முப்பது வயசு இருக்கும், உவரிப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை, சர்ச்சுக்குப் போறவ, அதனால அவளுக்கு நல்ல நேரமும் கிடையாது, கெட்ட நேரமும் கிடையாது, மணி மட்டும்தான். கெட்டிக்காரி, நான் இல்லைங்கல. அந்தக் கரையில அவளை மாதிரியே ஒருத்தன், ஜுமான்னு பேரு. தினமும் காலையில ஒன்பது மணிக்கு லைனைச் சோதிக்க ரெண்டு பேரும் பேசணும். அங்க மழையா, இங்க வெயிலு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா, இப்படி. ஒன்றரை வருசமாப் பேச்சு. கண்டத்தைக் கண்டத்தோட கட்டுனது நீங்க ரெண்டு பேருந்தான்னு நான்கூடக் கேலி பண்ணுவேன்.

அவங்களுக்குள்ள ஒப்பந்தம் என்னன்னா, நாங்க இங்கேருந்து பத்து மெகாவாட் கூட்டுனா, அவங்க அணையில தண்ணியைக் குறைச்சு அவங்க கரண்டைப் பத்து குறைக்கணும். நிமிசத்துக்குப் பத்து. அதுக்கு மேல அவங்க மதகு ஓடாது, சின்ன நாடு பாவம். மொத்தம் ஐநூறு போகணும், அம்பது நிமிசம். ஜுமா தினமும் ஒரே பாட்டுத்தான், போலே போலேம்பான். அவங்க பாஷையில மெதுவா மெதுவான்னு அர்த்தமாம்.

வியாழக்கிழமை வந்துச்சு. பந்தல் என்ன, நாயனம் என்ன, மெஷினுக்குப் பொட்டு வச்சு, பூசணிக்காயைச் சுத்தி உடைச்சு, ஒண்ணும் குறை வைக்கல. பத்தே முக்காலுக்குத் தொடங்குனா பதினொண்ணு முப்பத்தஞ்சுக்கு ஐநூறும் போய்ச் சேந்துரும், பத்து நிமிசம் மிச்சம். அதுதான் என் கணக்கு. அமைச்சர் வந்தது பதினொண்ணு இருபதுக்கு! வழியில மூணு இடத்துல வரவேற்பாம், வீரவாளாம். மேடையில பட்டனை அமுக்கும்போது பதினொண்ணு இருபத்திநாலு. அந்தப் பட்டனுக்கு வயரே கிடையாது, அது வேற விசயம். உள்ள மெர்சிலின்தான் தொடங்கி விடணும். கண்ட்ரோல் ரூம்ல அவளும் நானும்தான். மத்த பேரெல்லாம் போட்டோவுல நிக்கணும்னு மேடைக்கு ஓடிட்டான்.

நான் கடிகாரத்தைப் பாக்கேன். நல்ல நேரம் முடிய இருபத்தோரு நிமிசம். இருநூத்திப் பத்து மெகாவாட் நல்ல நேரத்துல போகும், மிச்சம் இருநூத்தித் தொண்ணூறு வெளிய நிக்கும். மூணு மாசம் பாடுபட்டு நான் பாத்த நேரம்!

"மெர்சிலின், வேகத்தைக் கூட்டும்மா"ன்னேன்.

"சார், பத்துக்கு மேல ஜுமாவால மதகை மூட முடியாது"ன்னா.

"நிமிசத்துக்கு நூறு போடு."

"மாட்டேன் சார்."

மாட்டேங்கா அண்ணாச்சி! முப்பத்திநாலு வருச சர்வீஸ்ல என்னைப் பாத்து மாட்டேன்னு ஒரு ஆள் சொன்னதில்ல. "எந்திரி"ன்னேன். ஒரு நிமிசம் என்னையே பாத்தா. எந்திரிச்சுட்டா. நான் உக்காந்தேன், மவுஸைப் பிடிச்சேன், பத்துன்னு இருந்துச்சு, அதுல ஒரு சைபர் கூடப் போட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. ஒரு சைபர்.

நம்பர் ஏறுது பாருங்க, அம்பது, நூறு, நூத்தம்பது. வெளிய பெரிய போர்டுல அதே நம்பர் ஓடுது, சனம் விசில் அடிக்கி. ஸ்பீக்கர்ல ஜுமா போலே போலேங்கான். பொறவு சத்தம் கூடுது. "மெர்சிலின், போலே! மெர்சிலின்!"னு அலறுதான். இவ எம் பக்கத்துல நின்னு சார், சார்ங்கா. தோளைத் தொடவும் முடியாது, என்ன இருந்தாலும் மேலதிகாரி. முந்நூத்தி நாப்பதுல எல்லாம் நின்னுபோச்சு. ஸ்பீக்கர்லயும் சத்தம் இல்ல. ஒரு குடம் பிடிக்குத தொட்டியில தண்ணி லாரியைத் திறந்து விட்டா என்ன ஆகும், அதுதான் ஆச்சு. அவங்க நாடு முழுக்க அணைஞ்சுபோச்சு.

வெளிய யாருக்கும் தெரியாது. போர்டு முந்நூத்தி நாப்பதுல உறைஞ்சு நிக்குது, கை தட்டுதாவ. கூட்டுனா ஏழு வருது, ராசியான நம்பர்னு அமைச்சர் மைக்ல சொல்லுதாரு. நான் மணியைப் பாத்தேன், பதினொண்ணு இருபத்தெட்டு. நல்ல நேரம் இன்னும் பதினேழு நிமிசம் பாக்கி இருந்துச்சு. அதனால நேரத்தைக் குத்தம் சொல்ல முடியாது.

ஏழு மணி நேரம் இருட்டாம். அதுக்குத்தான் இத்தனை ரகளை. நம்ம ஊர்ல மாசாந்திரப் பராமரிப்புன்னு காலை ஒன்பதுலேருந்து அஞ்சு வரைக்கும் நிப்பாட்டுதோம், எட்டு மணி நேரம், எவனாவது விசாரணைக் கமிஷன் வச்சானா? அங்க ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடுவுல கரண்டு போயி, டார்ச் லைட்டைப் பிடிச்சுக்கிட்டு முடிச்சாவளாம். முடிச்சாவள்லா? அப்புறம் என்ன?

கம்ப்யூட்டர்ல பாத்தா, வேகத்தைக் கூட்டுனது மெர்சிலின் பேர்ல இருக்கு. அவ பேர்லதானே கம்ப்யூட்டரைத் திறந்து வச்சிருந்தா. சரி, கடவுள் ஒரு வழி விட்டாருன்னு, அவதான் கூட்டுனான்னு எழுதிக் கொடுத்துட்டேன். அப்படிப் பாக்காதீய. யோசிச்சுப் பாருங்க, அவளுக்கு இன்னும் இருபத்தெட்டு வருச சர்வீஸ் கிடக்கு. ஒரு தண்டனை வந்தா அவ தாங்குவா, மறுபடி ஏறி வந்துருவா. நான் எங்க ஏற? அவ என்ன செய்தா தெரியுமா, சார்தான் கூட்டுனாருன்னு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துட்டா. மனசாட்சி இல்லாத பிள்ளை. சரி, கொஞ்ச நாள் தனியா இருந்தா மனசு மாறும்னு நான்தான் அவளைக் காத்தாடிக்காட்டு சப்ஸ்டேஷனுக்கு மாத்திவிட்டேன். வீட்டுலேருந்து ரெண்டு பஸ்ஸு மாறணும். கைப்பிள்ளைக்காரி. கஷ்டம்தான், நான் இல்லைங்கல.

இன்னைக்கு நானே இறங்கிப் போனேன். கௌரவம் பாக்கல. அரைக் கிலோ அல்வா, டைப் அடிச்ச லெட்டர் ரெண்டு பக்கம். "வேகத்தை என் சொந்த முடிவில் கூட்டினேன், முன்னர் அளித்த வாக்குமூலம் பதற்றத்தில் அளித்தது." கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். அங்க பாத்தா ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. என்னைக் கண்டதும் எந்திரிச்சு அதைக் கொடுத்தா. மரியாதை தெரிஞ்ச பிள்ளைதான்.

லெட்டரைப் படிச்சா. மடிச்சுத் தள்ளி வச்சா. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நின்னுக்கிட்டே நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, "என்னால இதுதான் எழுத முடியும் சார்"னு நீட்டுனா. நான் வாங்கிப் பையில வச்சுட்டேன். அப்பம் சொல்லுதா: "சார், ஜுமாவை அங்க சஸ்பெண்ட் பண்ணிட்டாவ. மதகை மூடத் தாமசம் பண்ணிட்டான்னு சொல்லுதாவளாம். நாலு மாசமா வாடகைக்கு பைக் ஓட்டுதான், மூணு பிள்ளைக."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய?"ன்னேன்.

"அவன் கைமேல அவனுக்கே சந்தேகம் வந்துட்டு சார். நெசமாவே நான் தாமசம் பண்ணிட்டேனோன்னு வாராவாரம் எங்கிட்ட கேக்கான். நான் இல்லன்னு சொன்னா நம்ப மாட்டேங்கான், ஆறுதலுக்குச் சொல்லுதேன்னு நெனைக்கான். நீங்க ஒரே ஒரு போன் போட்டு, உன் தப்பில்ல, நான்தான் வேகத்தைக் கூட்டுனேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் ரெக்கார்டு பண்ணல. வெளிய போய் நிக்கேன் வேணும்னா."

நம்பரைச் சொல்லிட்டு, நெசமாவே வெளிய போய் நின்னுட்டா. நானும் போட்டேன் அண்ணாச்சி, போடலன்னு சொல்லாதீய. மணி அடிச்சுது. எடுத்தான். பின்னால பைக் சத்தம், ஒரு பிள்ளை என்னமோ கேக்குது. ஹலோன்னான். ஹலோ, ஹலோன்னான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்லா, ஸ்பீக்கர்ல கேட்ட அதே சத்தம். முகம் தெரியாத ஒருத்தன்கிட்ட எடுத்த எடுப்புல என்னத்தைச் சொல்ல? கட் பண்ணிட்டேன்.

உள்ள வந்தா. என் மூஞ்சியைப் பாத்தா. "ரெண்டு பத்துக்கு வண்டி சார், விட்டா நாலரைக்குத்தான்"ன்னா. அல்வாவை வாங்கல. அந்தத் தாளைத் திருப்பித் தாங்கன்னு கேட்டிருக்கலாம்லா? கேட்டிருந்தா கொடுத்திருப்பேன், சத்தியமா. பிடுங்கிக் கிழிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அப்படியே விட்டுட்டா. என்ன திமிரு பாருங்க! அல்வாவையும் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தேன்.

இந்தாங்க, படிச்சுப் பாருங்க. எனக்குக் கண்ணாடி உள்ள கிடக்கு. சத்தமா வேண்டாம், எங் காதுல மட்டும் படிங்க. "செயற்பொறியாளர் எழுந்திருக்கச் சொன்னதும் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது. அது என் தவறு. அந்தத் தவறுக்கு என்ன தண்டனையோ ஏற்கிறேன்." அவ்வளவுதானா? திருப்பிப் பாருங்க, பின்னால? ஒண்ணும் இல்லையா.

இருந்தாலும் தவறுன்னு ஒத்துக்கிட்டாளா இல்லையா? கையெழுத்து இருக்கா இல்லையா? செயற்பொறியாளர் எழுந்திருக்கச் சொன்னதும்ங்கத மூணு வார்த்தை மட்டும் இல்லன்னா தங்கமான லெட்டர் அண்ணாச்சி. ஒரு பேனா வச்சிருக்கீயளா? வேண்டாம், இருங்க. அதை அடிச்சா, அப்புறம் அந்த நாற்காலியில யாரு உக்காந்ததுன்னு கேப்பாவ. அதுக்கு என்ன எழுத?

யாரு போனு அடிக்குது? என்னுதா? இது நம்ம நாட்டு நம்பர் இல்லையே. அவன்தான். யாரோ கூப்பிட்டு வச்சுட்டாவன்னு திருப்பிப் போடுதான். விடுங்க, அடிச்சு ஓயட்டும். வெளிநாட்டுக் காலு, அவனுக்குத்தான் தண்டம்.

ஓஞ்சுட்டு.

பாத்தீயளா, மறுபடி அடிக்கான். வேலை இல்லாத பயல், வேற என்ன செய்வான். எட்டு நாள் அண்ணாச்சி. இந்த எட்டு நாள் நான் வாயைத் திறக்காம இருந்தாப் போதும், அப்புறம் நான் மனுசன். கண்டக்டர் வேற திரும்பித் திரும்பிப் பாக்காரு. அணைக்கத் தெரியாது எனக்கு இந்த போனை, எம் மகன் வாங்கிக் கொடுத்தது. அண்ணாச்சி, ஒரு உதவி செய்யுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நீங்க எடுங்க. எடுத்து, இந்த போனுக்காரரு முந்தின ஸ்டாப்புலயே இறங்கிட்டாருன்னு சொல்லிருங்க. என்ன பாக்கீய? பிடிங்க.